ஊட்டி, கொடைக்கானல்ல கீழ கிடக்குற ஊசியையும் கூம்பையும் வச்சு மரத்தை கண்டுபிடிக்கிறது எப்படி

போன மே மாசம் அக்கா பசங்க ரெண்டு பேரும் ஊட்டிக்கு எங்க வீட்டுக்கு வந்திருந்தாங்க. நாலு நாள் நல்லா சுத்திட்டு ஊருக்கு கிளம்புறப்ப பாத்தா ஒரு பெரிய கட்டைப்பை நிறைய என்னமோ வச்சிருக்காங்க, தூக்கிப் பாத்தா கனமே இல்ல, உள்ள பூரா கூம்பு. கோலிகுண்டு சைஸ்ல உருண்டையா சிலது, உள்ளங்கை நீளத்துக்கு சிலது, ஒரு பக்கம் மட்டும் வீங்கினாப்ல ரெண்டு, மேல முள்ளு முள்ளா குட்டியா கொஞ்சம். சின்னவன் எல்லாத்தையும் ஹால்ல கொட்டி பரப்பிட்டு "சித்தி, இதுல எது கிறிஸ்துமஸ் மரத்தோடது?"ன்னு கேட்டான். அதுக்கு பதில் சொல்ல உக்காந்தது, ஒரு சாயங்காலம் பூரா ஓடிப்போச்சு. அன்னைக்கு அவனுக்கு சொன்னதைத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா இங்க வர்றவங்கள்ல முக்கால்வாசி பேர் ஊசி மாதிரி இலை இருந்தா எல்லாத்தையும் பைன்னு சொல்லிட்டு போட்டோ எடுத்துட்டு போயிடுறாங்க, நல்லா பாத்தா ஒரே ரோட்டுல மெக்சிகோ மரம், ஜப்பான் மரம், ஆஸ்திரேலியா மரம்னு வரிசையா நிக்குது, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி அடையாளம் இருக்கு, அதை கத்துக்க ஒரு நாள் போதும்.

மொத விஷயம், மரத்தை அண்ணாந்து பாக்காதீங்க, குனிஞ்சு தரையை பாருங்க. மரத்தோட உருவத்தை நம்பவே முடியாது. நெருக்கி நட்ட காட்டுல நிக்கிற பைன் மொட்டையா கம்பம் மாதிரி நெட்டுக்கு போயிருக்கும், அதே வகை தனியா ஒரு பங்களா காம்பவுண்டுல நின்னா கிளை விரிச்சு குடை மாதிரி இருக்கும், சின்ன மரம் ஒரு மாதிரி, கிழட்டு மரம் வேற மாதிரி. ஆனா ஊசியும் கூம்பும் அப்படி ஆளுக்கு ஆள் மாறாது. அதுவும் ரெண்டையும் சேத்து பாக்கணும், ஒண்ண மட்டும் வச்சு முடிவு பண்ணக்கூடாது. இன்னொண்ணு, கீழ கிடக்குறது பக்கத்து மரத்துல இருந்து விழுந்ததா கூட இருக்கலாம், சரிவுல உருண்டு வந்திருக்கலாம், அதனால நாலஞ்சு எடுத்து பாருங்க, எல்லாம் ஒரே மாதிரி இருந்தா தலைக்கு மேல இருக்குற கிளையிலயும் அதே தொங்குதான்னு ஒரு தடவை சரி பாத்துக்குங்க.

கூம்புக்கு நிறைய பேர் பைன் காய்னுதான் சொல்றாங்க, கோன்னும் சொல்றாங்க. அது காய் இல்ல, பூத்து காய்க்கிற மரமே இல்ல இது, விதை ஒரு பழத்துக்குள்ள இல்லாம செதில் மேல வெறுமனே உக்காந்திருக்கும், அதான் இந்த குடும்பத்தோட அடையாளமே. நல்லா விரிஞ்ச ஒரு பைன் கூம்புல ஒரு செதிலை ஒடிச்சு உள்பக்கம் பாருங்க, ரெண்டு விதை பக்கத்துல பக்கத்துல இருந்த தடம் அச்சு மாதிரி தெரியும், ஒவ்வொரு விதைக்கும் ஒரு மெல்லிசான ரெக்கை இருந்திருக்கும், அந்த ரெக்கையோட தடமும் தெரியும். சில சமயம் விதையே மாட்டிக்கிட்டு இருக்கும், எடுத்து மேல தூக்கிப் போட்டா விசிறி மாதிரி சுத்திக்கிட்டே இறங்கும்.

இப்ப இலைக்கு வருவோம், ஏன்னா பாதி வேலை இலையிலயே முடிஞ்சிடும். கையில எடுத்த இலை நாலுல ஒண்ணா இருக்கும். ஊசிகள் கட்டு கட்டா ஒரே இடத்துல இருந்து கிளம்பினா அது பைன். ஊசி ஒத்தை ஒத்தையா நேரா சுள்ளியில இருந்து கிளம்பினா அது பைன் இல்ல, வேற ஏதோ. ஊசியே இல்லாம மீன் செதில் மாதிரி குட்டி குட்டியா சுள்ளியோட ஒட்டிக்கிட்டு இருந்தா சைப்ரஸ் வகை. குட்டையா, உள்பக்கமா வளைஞ்ச கொக்கி மாதிரி, சுள்ளியை சுத்தி சுத்தி இருந்தா ஜப்பான்காரங்க சுகின்னு சொல்ற கிரிப்டோமேரியாவோ அரகேரியா வகையில ஒண்ணோ. இந்த நாலு பிரிவு மனசுல இருந்தா மத்தது எல்லாம் சுலபம்.

பைன்ல இருந்து ஆரம்பிக்கிறேன். ஊட்டில இருந்து தலைகுந்தா போற ரோட்டுல பைன் ஃபாரஸ்ட்னு வண்டி நிறுத்துவாங்கல்ல, அங்க போனா தரையே தெரியாது, காவி கலர்ல சருகு மெத்தை மாதிரி கிடக்கும். ஒரு பிடி அள்ளுங்க. அதுல உதிராம சேந்து இருக்குற ஒரு கட்டை எடுத்து அடியை பாருங்க, பேப்பர் மாதிரி ஒரு பழுப்பு உறை, தென்னந்துடைப்பத்துக்கு அடியில இறுக்கி கட்டுன மாதிரி ஊசிகளை பிடிச்சு வச்சிருக்கும். எத்தனை ஊசின்னு எண்ணுங்க. இந்த எண்ணிக்கைதான் பைனை பிரிக்கிற சாவி, உலகத்துல எந்த நாட்டுக்கு போனாலும் 2, 3, 5 இந்த மூணு எண்ணுல ஒண்ணுதான் பெரும்பாலும் வரும்.

இங்க பெரும்பாலும் 3 வரும். அந்த மூணையும் விரல்ல வச்சு ஒண்ணு சேத்து லேசா உருட்டுங்க. மூணும் கச்சிதமா ஒண்ணோட ஒண்ணு பொருந்தி ஒரே உருண்டை நூல் மாதிரி ஆயிடும், நடுவுல இடைவெளியே இருக்காது. வெள்ளரிக்காயை நீளவாக்குல மூணா கீறினா ஒவ்வொரு துண்டும் எப்படி இருக்குமோ அப்படித்தான் ஒவ்வொரு ஊசியும் இருக்கு, ரெண்டு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு. ரெண்டு ஊசி வகைன்னா ஒவ்வொண்ணும் பாதி வட்டமா இருக்கும், அஞ்சு ஊசி வகைன்னா கேக் துண்டு மாதிரி ரொம்ப ஒல்லியா இருக்கும். பையன்கிட்ட இதை காட்டினப்ப அவன் அடுத்த அரை மணி நேரம் வேற எதுவும் பண்ணல, ஒவ்வொரு கட்டா எடுத்து உருட்டிக்கிட்டே இருந்தான். எனக்கும் இன்னும் அலுக்கல.

மூணு ஊசி, 15ல இருந்து 30 சென்டிமீட்டர் நீளம், ரொம்ப மெல்லிசு, கிளையில இருந்து வாரி விட்ட தலைமுடி மாதிரி கீழ் நோக்கி தொங்குதுன்னா அது மெக்சிகோ பைன், பட்டுலான்னு சொல்லுவாங்க. நீலகிரியிலயும் பழனி மலையிலயும் வனத்துறை நட்ட பைன்ல நிறைய இதுதான். அப்பப்ப ஒரு கட்டுல 4 ஊசி இருக்கும், 5 கூட வரும், அதனால ஒண்ண எண்ணிட்டு முடிவு பண்ணாதீங்க, பத்து கட்டு எண்ணி எது அதிகமா வருதோ அதை எடுத்துக்குங்க. இதோட கூம்பு உள்ளங்கைக்குள்ள அடங்குற நீளம், 7ல இருந்து 10 சென்டிமீட்டர் சுமாருக்கு, லேசா வளைஞ்சிருக்கும், பளபளப்பான பழுப்பு, காம்பு இருக்கா இல்லையான்னு சந்தேகமா இருக்குற அளவுக்கு குட்டை. ரெண்டு மூணு கூம்பு ஒரே இடத்துல கொத்தா கிளையை கட்டிப்பிடிச்சுக்கிட்டு நுனி அடிமரத்தை பாத்த மாதிரி திரும்பி இருக்கும். வருஷக்கணக்கா மூடியே கிளையில இருக்கும், நல்ல வெயில் காயணும், இல்ல காட்டுத்தீ சூடு படணும், அப்பதான் திறக்கும். அதனால பாருங்க, இந்த மரத்துக்கு கீழ சருகு மலை மாதிரி கிடக்கும், கூம்பு தேடினாதான் கிடைக்கும். மரத்தோட மேல் பாதி பட்டையும் ஒரு அடையாளம், செம்மண் கலர்ல மெல்லிசா வெங்காயத்தோல் மாதிரி உரியும்.

அதே மூணு ஊசிதான், ஆனா நீளம் 10, 15 சென்டிமீட்டர்தான், தொங்காம அடர்த்தியா நல்ல பச்சையா நிக்குதுன்னா அது ரேடியாட்டா பைன், கலிஃபோர்னியாவுல மான்டரே பக்கம் கடற்கரை ஓரமா கொஞ்ச இடத்துல மட்டும் இருந்த மரம், இப்ப நியூசிலாந்துல மர வியாபாரமே பெரும்பாலும் இதை நம்பித்தான் நடக்குது. நம்ம மலையில அங்கங்கதான் இருக்கு. இதை கூம்புல சட்டுனு கண்டுபிடிச்சிடலாம். பையில ஒரு பக்கம் வீங்கினது ரெண்டு இருந்துச்சுன்னு சொன்னேன்ல, அதுதான். கிளையை ஒட்டுன பக்கம் செதில் தட்டையா இருக்கும், வெளிப்பக்கம் செதில் ஒவ்வொண்ணும் உருண்டு புடைச்சு நிக்கும், அடிப்பாகமும் நேரா இல்லாம சாய்வா வெட்டின மாதிரி இருக்கும். மேசையில நிக்க வச்சீங்கன்னா நேரா நிக்காது, ஒரு பக்கமா சாயும்.

பைன் கூம்பு கையில இருக்குறப்பவே ஒரு விஷயம் பண்ணிப் பாருங்க. அடிப்பக்கத்தை உங்களை பாத்து திருப்பி வச்சுக்கிட்டு, செதில் வரிசை சுருள் சுருளா போறதை கவனிங்க. வலது பக்கமா சுத்துற சுருளை ஒரு கலர் சாக்பீஸ்ல கோடு போட்டு எண்ணுங்க, இடது பக்கமா சுத்துறதை வேற கலர்ல எண்ணுங்க. பெரும்பாலும் ஒரு பக்கம் 8, இன்னொரு பக்கம் 13 வரும், சின்ன கூம்புன்னா 5, 8 வரும். இது ஃபிபொனாச்சி வரிசை, ஒவ்வொரு எண்ணும் முந்தின ரெண்டோட கூட்டல். இதை வச்சு எந்த வகை பைன்னு பிரிக்க முடியாது, ஆனா எண்ணிப் பாத்த பிள்ளைங்க அதுக்கப்புறம் கூம்பை உத்துப் பாக்க ஆரம்பிச்சிடுறாங்க, அதுதான் எனக்கு வேணும்.

மழை நாள்ல போறவங்க ஒண்ணு கவனிக்கணும். நேத்து விரிஞ்சு பூ மாதிரி இருந்த கூம்பு இன்னைக்கு மழையில நனைஞ்சா மூடிக்கும், பாத்தா வேற மரத்தோடதுன்னே தோணும். செதிலோட வெளிப்பக்க அடுக்கு தண்ணி பட்டா உள்பக்கத்தை விட அதிகமா விரியும், அதனால செதில் உள்ள வளைஞ்சு மூடிக்குது, காஞ்சா அதே அடுக்கு சுருங்கி வெளிய இழுத்து திறந்துடுது. மரத்துல இருந்து விழுந்து வருஷக்கணக்கான கூம்பும் இதை பண்ணும், உயிர் தேவையில்ல. காஞ்ச நாள்ல விதை பறந்தாதான் தூரம் போகும், அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. வீட்டுல ஒரு கிண்ணம் தண்ணியில போட்டு வைங்க, கொஞ்ச நேரத்துலயே மூட ஆரம்பிச்சிடும், அடுப்பு பக்கம் காய வச்சா திரும்ப விரியும். அதனால அடையாளம் பாக்குறப்ப நல்லா காய விட்டு பாக்குறதுதான் சரி.

சைப்ரஸ் அடுத்தது. ஊட்டில கெய்ர்ன் ஹில் காட்டுக்குள்ள நடந்து போனீங்கன்னா பெரிய பெரிய சைப்ரஸ் நிக்கும், உள்ள பகல்லயே மங்கலா இருக்கும், ரொம்ப அமைதியான இடம். இங்க ஊசியை தேடாதீங்க, கிடைக்காது. ஒரு சுள்ளியை எடுத்து கண்ணுக்கு கிட்ட வச்சா பின்னின சடை மாதிரி செதில் மேல செதிலா இலை ஒட்டியிருக்கும். கூம்பு உருண்டை. காயாத கூம்பு பாத்தா ஃபுட்பால் மாதிரி, பட்டை பட்டையா ஒட்டுப்போட்டு தச்ச மாதிரி இருக்கும், ஒவ்வொரு பட்டைக்கும் நடுவுல ஒரு குட்டி மொனை. காஞ்சா அந்த ஒட்டுக்கு நடுவுல விரிசல் விட்டு திறந்து பொடிப்பொடியா விதை கொட்டும், பைன் மாதிரி செதிலுக்கு ரெண்டுன்னு கணக்கு இல்ல, நிறைய இருக்கும்.

இதுலயும் முக்கியமா ரெண்டு வகை. கூம்பு 2.5ல இருந்து 4 சென்டிமீட்டர் வரை, பெரிய நெல்லிக்காய் அளவுன்னு வச்சுக்கலாம், இலையை கசக்கினா எலுமிச்சை வாசம் தூக்கலா வந்துச்சுன்னா மான்டரே சைப்ரஸ், அதுவும் ரேடியாட்டா பைனோட ஊர்க்காரன்தான். கூம்பு 1, 1.5 சென்டிமீட்டர், கோலிகுண்டு சைஸ், இளசா இருக்குறப்ப மேல திராட்சை மேல இருக்குமே சாம்பல் பூத்த மாதிரி நீலம், அந்த மாதிரி ஒரு பொடி பூசியிருக்கும், சுள்ளியெல்லாம் கொஞ்சம் தொங்கும், அப்படின்னா மெக்சிகோ சைப்ரஸ். வாசத்தை எப்பவும் விடாதீங்க, கண்ணு குழம்புற இடத்துல மூக்கு காப்பாத்தும். ஆனா பிசின் கையில ஒட்டினா தண்ணி ஊத்தி தேய்க்காதீங்க, சோப்பும் சரியா வராது, ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு துடைச்சா போயிடும்.

ஊருக்குள்ள வீட்டு வாசல்ல, பார்க்குல வைக்கிற துஜாவும் செதில் இலை வகைதான், சமவெளியிலயும் நல்லா வரும். அதோட இலைக்கொத்து விசிறி மாதிரி தட்டையா, புத்தகத்துல வச்சு அழுத்தின மாதிரி இருக்கும், அந்த விசிறியெல்லாம் செங்குத்தா நிக்கும். கூம்பு இளசுல சதைப்பிடிப்பா நீலப்பச்சையா இருக்கும், ஒவ்வொரு செதில் நுனியிலயும் வெளிய வளைஞ்ச ஒரு கொம்பு. அந்த கொம்பை பாத்தா போதும், வேற எதுவும் பாக்க வேணாம்.

முள்ளு முள்ளா குட்டி கூம்பு சொன்னேன்ல, அது கிரிப்டோமேரியா. டார்ஜிலிங் பக்கம் மலை மலையா இதுதான், துப்பின்னு சொல்றாங்க, நம்ம பக்கம் ஊட்டியில பழைய தோட்டங்கள்ல பாக்கலாம். இலை ஒவ்வொண்ணும் 1 சென்டிமீட்டர் இருந்தா அதிகம், உள்ள வளைஞ்சு சுள்ளியை சுத்தி சுருளா இருக்கும், முழு சுள்ளியும் கைல எடுத்தா நரி வால் மாதிரி, முரட்டு கயிறு மாதிரி இருக்கும். உதிர்றப்பவும் இலை இலையா உதிராது, சுள்ளியோடவே விழும். கூம்பு 1ல இருந்து 2 சென்டிமீட்டர் உருண்டை, செதில் ஒவ்வொண்ணோட நுனியிலயும் மூணு நாலு பல்லு, அதான் தொட்டா குத்தும். ரொம்ப அழகான ஒரு அடையாளம் இருக்கு, எல்லா கூம்புலயும் இருக்காது, பத்து பொறுக்கினா ஒண்ணு ரெண்டுல பாக்கலாம், கூம்போட உச்சந்தலையை துளைச்சுக்கிட்டு ஒரு பச்சை சுள்ளி வளந்து வெளிய வந்திருக்கும், கூம்பு முடிஞ்ச இடத்துல திரும்ப கிளை ஆரம்பிச்ச மாதிரி. மொத தடவை பாக்குறப்ப யாரோ சொருகி வச்சிருக்காங்கன்னுதான் நினைப்பீங்க, இழுத்துப் பாருங்க வராது.

அரகேரியா குடும்பத்தை பாக்க குன்னூர் சிம்ஸ் பார்க் நல்ல இடம், 1874ல ஆரம்பிச்ச பார்க். சமவெளியில கிறிஸ்துமஸ் மரம்னு தொட்டியில வச்சு விக்கிறாங்களே, தட்டு தட்டா அடுக்கா கிளை வரும், அது இந்த குடும்பம்தான். பசிபிக் தீவு மரம், நார்ஃபோக் தீவுல இருந்து ஒண்ணு, நியூ கலிடோனியாவுல இருந்து குக் பைன்னு ஒண்ணு, நர்சரியில ரெண்டையும் ஒரே பேர்லதான் கொடுப்பாங்க, பேர்ல பைன் இருந்தாலும் பைனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, ஊசி கட்டு கட்டா இல்லைங்கறதுலயே தெரிஞ்சிடும். கீழ விழுற சுள்ளி தாம்புக்கயிறு மாதிரி முறுக்கா இருக்கும். குக் பைன்ல ஒரு விசித்திரம், மரம் பூமத்திய ரேகையை பாத்து சாயும், வடக்குல இருக்குற நாட்டுல தெற்கால சாயும், தெற்குல இருக்குற நாட்டுல வடக்கால சாயும், ரேகையில இருந்து தள்ளிப் போகப் போக சாய்வும் கூடும், 2017ல அஞ்சு கண்டத்துல 256 மரத்தை அளந்து இதை எழுதியிருக்காங்க. பழைய பங்களா முன்னாடி நெட்டையா ஒல்லியா லேசா சாஞ்ச மரம் பாத்தா போன்ல திசைகாட்டியை எடுத்துப் பாருங்க.

இதே குடும்பத்துல புன்யான்னு ஒண்ணு இருக்கு, ஆஸ்திரேலியாவோட குயின்ஸ்லாந்து பக்கத்து மரம். இலை ஊசி கிடையாது, தட்டையா, ஈட்டி மொனை மாதிரி, விறைப்பா இருக்கும், மொனையில குத்தினா ரத்தம் வரும், காஞ்ச கிளையை வெறுங்கையில தூக்காதீங்க. கூம்பு ஒண்ணு 10 கிலோ வரைக்கும் வரும், சின்ன பலாக்காய் மாதிரி, முழுசா அப்படியே தொப்புனு விழும், அதனால காய்ச்ச மரத்துக்கு கீழ பாய் விரிச்சு சாப்பிட உக்கார்ற வேலை வேணாம். உள்ள இருக்குற விதையை ஆஸ்திரேலிய பூர்வகுடி மக்கள் காலங்காலமா சுட்டு சாப்பிடுறாங்க. இதைப் போய் மங்கி பசில்னு சொல்றவங்க நிறைய, நிஜமான மங்கி பசில் சிலி நாட்டு மரம், அதோட இலை முக்கோணமா தடியா ஓடு அடுக்கின மாதிரி இருக்கும்.

சமவெளிக்காரங்க கண்டிப்பா தெரிஞ்சுக்க வேண்டியது சவுக்கு. ஈசிஆர்ல போறப்ப ரெண்டு பக்கமும் ஊசி ஊசியா, கீழ குட்டி குட்டி கூம்பா கிடக்கும், கிராமத்துல கிறிஸ்துமஸுக்கு சவுக்கு கிளையத்தான் வெட்டி சோடிப்பாங்க. ஆனா சவுக்கு ஊசியிலை மரமே இல்ல, பூக்கிற மரம். ஒரு "ஊசி"யை எடுத்து ரெண்டு நுனியையும் பிடிச்சு மெதுவா இழுங்க, டக்குனு ஒரு கணுவுல கழண்டு வரும், திரும்ப சொருகினா சொருகிக்கும். அந்த கணுவை வெளிச்சத்துல உத்துப் பாத்தா ஆறேழு குட்டி பல்லு கிரீடம் மாதிரி சுத்தி இருக்கும், அதுதான் இலை, நீங்க ஊசின்னு நினைச்சது பச்சை சுள்ளி. கூம்பு மாதிரி இருக்குறதையும் பாருங்க, செதில் இருக்காது, குருவி வாய் பொளந்த மாதிரி ரெண்டு ரெண்டு உதடா வரிசையா இருக்கும். பைன் ஊசியை இப்படி இழுத்தா கழண்டு வராது, அறும். இந்த ஒரு சோதனை போதும். (சின்னவன் பையில சவுக்கு கூம்பும் ரெண்டு இருந்துச்சு, அது சென்னையில இருந்தே அவன் பாக்கெட்ல வந்தது.)

சிம்லா, மணாலி போறவங்களுக்கு கொஞ்சம். இமயமலையில இதெல்லாம் சொந்த மரம், நட்டது இல்ல, உயரம் ஏற ஏற மரம் மாறிக்கிட்டே வரும், அதை பஸ் ஜன்னல்லயே பாக்கலாம். கீழ சீர் பைன், 3 ஊசி, ஒரு அடி நீளம் வரும், கூம்பு கட்டையில கடைஞ்ச மாதிரி கனமா, செதில் நுனியெல்லாம் தடிச்சு வெளிய வளைஞ்சிருக்கும். உத்தரகாண்டுல இதோட சருகை பிருல்னு சொல்றாங்க, கோடையில தீ பிடிச்சா காடு காடா எரியுறதுக்கு இந்த சருகும் ஒரு காரணம். இன்னும் மேல போனா கைல்னு இன்னொரு பைன், 5 ஊசி, மெல்லிசு, கூம்பு வாழைப்பழம் மாதிரி நீளமா தொங்கும். எண்ணிட்டீங்கன்னா ரெண்டையும் குழப்பிக்கவே வழியில்ல.

அப்புறம் தேவதாரு. நாட்டு மருந்து கடையில தேவதாரு கட்டைன்னு கேட்டு வாங்கியிருப்பீங்க, மணாலியில ஹிடிம்பா கோயிலை சுத்தி நிக்கிறது இந்த மரம்தான். ஊசி குட்டை, 2.5ல இருந்து 5 சென்டிமீட்டர், ஆனா ஒரே மொட்டுல இருந்து 20, 30 ஊசி சாமந்திப்பூ மாதிரி விரிஞ்சு நிக்கும், பைனோட கட்டு மாதிரி உறை கிடையாது. கூம்பு பீப்பா மாதிரி, கிளைக்கு மேல நிமிந்து உக்காந்திருக்கும், முழு கூம்பு கீழ கிடைக்காது, மரத்துலயே செதில் செதிலா உதிர்ந்துடும், உச்சித் துண்டு மட்டும் விழும், அது பாத்தா மரத்துல செதுக்கின ரோஜாப்பூ அச்சு அசல். எனக்கு இதுவரைக்கும் கிடைச்சதுலயே ரொம்ப பிடிச்சது அந்த மர ரோஜாதான், சாமி ரூம்ல வச்சிருக்கேன்.

இதையெல்லாம் தாண்டி இன்னும் உயரத்துல ஸ்ப்ரூஸ், ஃபிர்னு ரெண்டு மரம் சேந்து நிக்கும், ரெண்டுலயும் ஊசி ஒத்தை ஒத்தையாதான் இருக்கும். இமயமலை ஸ்ப்ரூஸ் ஊசி நாலு பட்டையா இருக்கும், விரல்ல உருட்டினா உருளும், ஊசி உதிர்ந்த சுள்ளியை தடவினா தேங்காய் துருவி மாதிரி சொரசொரன்னு இருக்கும். ஃபிர் ஊசி தட்டை, உருளாது, உதிர்ந்த இடம் வழவழன்னு ஒரு வட்டத் தழும்பு மட்டும். ஸ்ப்ரூஸ் கூம்பு தொங்கும், முழுசா கீழ விழும். ஃபிர் கூம்பு நிமிந்து நிக்கும், மரத்துலயே உதிரும். வெளிநாட்டு படத்துல வர்ற கிறிஸ்துமஸ் மரம் பெரும்பாலும் இந்த ரெண்டு வகையில ஒண்ணு. அதனால சின்னவன் கேட்ட கேள்விக்கு பதில், அவன் பையில ஒண்ணு கூட இல்ல.

பொறுக்குறதுல ரெண்டு விஷயம் கேட்டுக்குறேன். சரணாலயம், தேசிய பூங்கா உள்ள எதையும் எடுக்காதீங்க, அங்க பாக்குறதோட சரி. எடுத்த கூம்பு வேணாம்னு தோணினா போற வழியில புல்வெளி பக்கம் வீசிடாதீங்க, குப்பையில போடுங்க. மெக்சிகோ பைன் விதை பறந்து போய் பழனி மலையில சோலையை ஒட்டின புல்வெளியெல்லாம் தானா முளைச்சு மூடிக்கிட்டு வருது, புல்வெளி போனா அதை நம்பி ஊறுற ஓடையும் போச்சு. மரத்து மேல கோபம் ஒண்ணும் இல்ல, கொண்டு வந்து நட்டது நாமதான், பரப்புற வேலையையும் நாமளே பண்ண வேணாம்.

கடைசியா, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில யாரும் கொண்டு வராம தானா வளர்ற ஊசியிலை குடும்பத்து மரம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அதுக்கு ஊசியே கிடையாது. நேகியா வாலிச்சியானான்னு அறிவியல் பேர், அகத்தியமலை, பெரியார், ஆனைமலை பக்கம் மழைக்காட்டுக்குள்ள அபூர்வமா நிக்கும். திருவக்கரையில 2 கோடி வருஷம் பழைய கல்மரம் கிடக்குதே, அதுல சிலது இது சேந்த பொடோகார்ப் குடும்பத்தோட கட்டை மாதிரியே இருக்குன்னு ஆராய்ஞ்சவங்க சொல்றாங்க. இதுக்கு மேல சொன்ன எந்த சோதனையும் உதவாது, மரக்கூம்பும் கிடைக்காது, விதை குட்டிப்பழம் மாதிரி உருண்டையா தனியா இருக்கும். இலையைத்தான் பாக்கணும். அகலமா, தடியா, பளபளன்னு, சுள்ளியில எதிரெதிரா ஜோடி ஜோடியா இருக்கும். ஒரு இலையை வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. மா இலை, பலா இலையில எல்லாம் நடுவுல ஒரு தடிச்ச நரம்பு ஓடும்ல, அது இதுல இருக்காது, காம்புல இருந்து நுனி வரைக்கும் ஒரே மாதிரி மெல்லிசு மெல்லிசா கோடு கோடா நரம்பு ஓடியிருந்தா, அதுதான்.